தாவீதின் இடது பக்கம்

செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தௌசிஃப்புக்கு என்று ஒரு சீட் இருந்தது. யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. டிரைவருக்கு இடப்பக்கம், என்ஜின் பெட்டியைத் தாண்டி, முன்கண்ணாடியை ஒட்டிய ஒற்றை சீட். பிரேக் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. தட்டுத் தட்டாக வரும் உருக்குத் துண்டுகளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பான். கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டி. சந்தேகம் இருந்தாலும் சிவப்புத் தொட்டிதான். பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு.

டிரைவர் தாவீது அவனைவிட ஒன்பது வயது பெரியவர். அந்த ரோட்டில் பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஒருநாள் பரனூர் அருகே நெரிசலில் பஸ் நின்றபோது, தௌசிஃப் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய் அது, நெஜ பிளேனா?"

"இல்ல அண்ணாத்த, சின்னது. நாமளே செஞ்சு ரிமோட்ல பறக்க வுடலாம். பெங்களூர்ல ஒருத்தரு கிட்டு விக்கறாரு. மரம், மோட்டாரு, வரைபடம், எல்லாம் ஒரே பொட்டியில வருது."

"செஞ்சு முடிச்சா நெஜமாவே பறக்குமா?"

"ஒழுங்கா செஞ்சா பறக்கும்."

பின்னால் ஹாரன் அடிக்கும்வரை தாவீது அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்டி ஆவணி மாதம் வந்தது. அந்தக் காலத்துப் பயிற்சிக் கிளப்புகளில் ஓட்டிய புஷ்பக் என்ற இரண்டு சீட் விமானத்தின் சிறு வடிவம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலரை அடி. தௌசிஃப்பின் மனைவி ஆஸ்மா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத நீட்டி வெக்க நம்ம வூட்ல எங்க எடம் கீது?" என்று கேட்டாள். இடம் இல்லைதான். அதனால் விமானம் தாவீதின் வீட்டுக்குப் போனது. அவர் மகள் அனு வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறை காலியாகக் கிடந்தது. பழைய கதவுப் பலகை ஒன்றை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்தார்கள்.

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. தௌசிஃப் வரைபடத்தைப் படித்துச் சொல்வான், தாவீது ஒட்டுவார். பால்சா மரம் பிஸ்கட்டைப் போல. கொஞ்சம் அழுத்தினால் நொறுங்கிவிடும். தாவீதின் பெரிய விரல்கள் அதை ஒரு தடவைகூட நொறுக்கவில்லை. இறக்கைக்கு உள்ளே விலா எலும்புபோல வரிசையாக நிற்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, குண்டூசி குத்தி, பசை காயும்வரை மூச்சைப் பிடித்தபடி காத்திருப்பார். அவர் மனைவி ஜாய்ஸ் டீ கொண்டுவந்து வைப்பாள். மத்தியானம் சோறும் அங்கேயேதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு வந்தபோது, தௌசிஃப்புக்காகத் தனியாக ஹலால் கறி வாங்கி வைத்துச் சமைத்துப் போட்டாள்.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது, எல்லாம் அந்த அறையிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று தௌசிஃப்புக்குத் தோன்றியது. பலகையின் இடது ஓரத்தில் வைத்த டீ கிளாஸைத் தாவீது மூன்று தடவை தட்டிவிட்டார். கண்ணெதிரே கிடக்கும் பிளேடை, "எங்க வெச்ச பாய்?" என்று கேட்பார். இடது இறக்கையின் நுனியில் ஒரு விலாத் துண்டை நிறுத்தாமலே விட்டுவிட்டு, முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார். "பத்துக்கு ஒம்போதுதான் கீது அண்ணாத்த" என்று தௌசிஃப் சிரித்தான். அவரும் சிரித்தார். புரட்டாசிக்குப் பிறகு பைக்கை எடுப்பதை நிறுத்திவிட்டார், முழங்கால் வலி என்றார். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் தௌசிஃப். ஆனாலும் வேலை முடிந்து வந்த பிறகு ஒரு மனுஷனை யார் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்?

மஞ்சள் ஃபிலிமை இறக்கையின் மேல் போர்த்தி, ஜாய்ஸின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். மோட்டாரும் பேட்டரியும் உள்ளே போயின. ஓட்டிப் பழக, தௌசிஃப் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி விளையாட்டு இருந்தது. அதில் தாவீது நாலே வாரத்தில் கைதேர்ந்துவிட்டார். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் கவிழ்ப்பார்கள். தாவீது ஒருதடவைகூடக் கவிழ்க்கவில்லை. "பஸ்ச ரிவர்ஸ் எடுக்கறவனுக்கு இது இன்னா பெரிய வெசயம்" என்றார். கம்ப்யூட்டர் திரை ஒரு முழ அகலம். அதற்குள் இருந்த எதையும் அவர் தவறவிடவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடுவது என்று முடிவு செய்தார்கள். சதுரங்கப்பட்டினம் பக்கம் வேண்டாம், அணுமின் நிலையம் அருகே இருப்பதால் ஆயிரம் கேள்வி வரும். மாமல்லபுரத்துக் கடற்கரையில் எப்போதும் ஜனம். தெற்கே தள்ளி, கடப்பாக்கத்துக்குப் போனார்கள். தௌசிஃப் ஸ்கூட்டர் ஓட்ட, தாவீது இறக்கைப் பெட்டியை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தார். மதுராந்தகம், செய்யூர் தாண்டி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆலம்பரைக் கோட்டைக்கு இப்பால், கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்கள் மழைத்தண்ணீர் வற்றாமல் கண்ணாடிபோலக் கிடந்தன. நடுவே கெட்டிப்பட்ட ஒரு மண் ரோடு. காற்று இல்லை. வலை உலர்த்தும் இரண்டு பேரைத் தவிர ஆளும் இல்லை.

விமானம் அந்த மண் ரோட்டில் இருபதடி ஓடி, தானாக எழும்பியது.

ஐந்து மாதமாகப் பலகைமேல் கிடந்த மரமும் பசையும் மேலே ஏறி, வெயிலில் மஞ்சளாகத் திரும்பின. தாவீது கண்ட்ரோல் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, தலையோடு சேர்த்து உடம்பையும் திருப்பித் திருப்பி அதைப் பின்தொடர்ந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் விமானம் கழிமுகத்தின் மேல், அவருக்கு இடப்பக்கமாகப் போனது. தாவீதின் முகம் நேராகக் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணாத்த, திருப்புங்க."

"எங்க கீது?"

"லெஃப்ட்ல. பனமரத்துக்கு மேல."

"எந்தப் பனமரம்?"

தாவீது தலையை வேகமாக இடப்பக்கம் வீசினார், வேண்டியதைவிட அதிகமாக. பிறகு வலப்பக்கம். பிறகு மேலே. முழு வானத்திலும் அந்த மஞ்சள் ஒன்றுதான் இருந்தது. தூரத்தில் வலைக்காரர்கள்கூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவீது அதைத் தேடிக்கொண்டிருந்தார். விரல் எதையோ தள்ளியது. விமானம் மூக்கைத் தாழ்த்தி, நேராக உப்பளத்தில் போய்க் குத்தியது.

"வுழுந்துடுச்சா?" என்று கேட்டார் தாவீது.

தௌசிஃப் உடனே தண்ணீருக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றான்.

"அண்ணாத்த, அந்தக் கோட்டைச் செவுத்த நேரா பாருங்க. தலைய திருப்பாதீங்க."

"இன்னாத்துக்கு?"

"பாருங்க சொல்றேன்."

அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி மூன்று விரல்களை நீட்டினான். மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். கன்னத்துக்கு நேராக. அதற்கும் முன்னால். கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு ஜாண்தான்.

"எத்தினி வெரலு அண்ணாத்த?"

"கைய மொதல்ல காட்டு" என்றார் தாவீது.

அதற்குப் பிறகு அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தௌசிஃப் முழங்கால் தண்ணீரில் இறங்கி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வந்ததும் தாவீது தானாகவே சொன்னார்.

"ஒண்ணரை வருசமா கீது பாய். கறுப்பா தெரிஞ்சிருந்தா பயந்துருப்பேன். கறுப்பும் இல்ல, மங்கலும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்பால திடீர்னு ஒரு பைக்கு வந்து நிக்கும்."

"லைசென்சு புதுப்பிச்சீங்களே, கண்ணு டெஸ்ட்டு?"

"போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன். நேரா பாத்தா எல்லாம் தெரியுது எனக்கு."

"நாப்பது பேர ஏத்திகினு போறீங்க."

"தெரியும்."

தௌசிஃப் அன்றைக்கே லீவு சொல்லச் சொன்னான். தாவீது முடியாது என்று தலையை ஆட்டினார். கம்பெனிக்குப் பஸ் விடும் காண்ட்ராக்டர் சதாசிவம் பொங்கலுக்கு நாலு நாள் விட்டதே பெரிது, இன்னும் கேட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவான். "சனிக்கெழம தாம்பரத்துல கண்ணு டாக்டர பாக்கறேன். தலவலின்னுதான் ஜாய்ஸ்கிட்ட சொல்லிகிறேன். அவரு சரியில்லன்னு சொன்னா நானே ஸ்டீயரிங்க வுட்டுடறேன். சொட்டு மருந்துல சரியாயிடும்னு சொல்லிட்டா? அதுக்குள்ள வேல பூடுமே. ஆறு நாளு பாய். அதுவரைக்கும் வாய தொறக்காத."

அடுத்து வந்த யோசனை தௌசிஃப்புடையது. தாவீது அதைக் கேட்டு வாங்கவில்லை.

"சரி. நான் பக்கத்துலதான உக்காருறேன். இடது பக்கம் நான் பாத்து சொல்றேன்."

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அப்படியே நடந்தது. தை மாதப் பனியில் ஜி.எஸ்.டி. ரோடு பாதி மறைந்து கிடக்கும். தௌசிஃப் கண் கொட்டாமல் உட்கார்ந்து, அரட்டை அடிப்பது போல, "பைக்கு வருது", "ஆட்டோ நிக்குது", "ஆளு கீது, அப்பால வெட்டு" என்று சொல்லிக்கொண்டே வருவான். பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. புதன்கிழமை இறங்கும்போது தாவீது அவன் தோளைத் தட்டினார். தௌசிஃப்புக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவனுக்கு அதிகம் கூசியது.

வியாழக்கிழமை, ஸ்டோர்ஸ் பிரிவு சுப்புராமன் காலில் மாவுக்கட்டோடு செங்கல்பட்டில் ஏறினார். வயதானவர். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள்.

"பாய், நீ பின்னால வந்துடு. அவரு கால நீட்டணும்" என்றான் ஒருவன்.

தௌசிஃப் எழுந்திருக்கவில்லை. பஸ் முழுக்க அவனைப் பார்த்தது. முடியாது என்பதற்குச் சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

"நான் இங்கயே நின்னுக்கறேன்" என்று எழுந்து என்ஜின் பெட்டியை ஒட்டி நின்றான்.

"முன்னால நின்னா கண்ணாடி மறைக்கும்யா. டிரைவரே, நீங்க சொல்லுங்க."

தாவீது ரோட்டைப் பார்த்தபடியே, "போய் உக்காரு பாய். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவன் மூன்றாவது வரிசைக்குப் போனான். ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. துடைத்தான், மறுபடி மூடிக்கொண்டது. முன் சீட்டுக்காரரின் தலைக்கு மேலாக எழும்பிப் பார்த்தான், வெள்ளையாகத்தான் இருந்தது.

சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்துக்காகப் பஸ் இடப்பக்கம் ஒதுங்கியது. முதலில் தகரத்தில் கை தட்டுவது போல ஒரு சத்தம். யாரோ வெளியே கத்தினார்கள். பிறகு பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது.

கீழே கிடந்தவர் வரதன். அதே கம்பெனியில் துப்புரவு வேலை. தினமும் அந்த நிறுத்தத்தில், அதே இடத்தில் ஏறுகிறவர். மஃப்ளர் கட்டியிருந்தார். சாப்பாட்டுப் பை நசுங்காமல் இரண்டடி தள்ளிக் கிடந்தது. ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது.

தாவீது படிக்கட்டில் உட்கார்ந்து, "திடீர்னு வந்துட்டாரு, திடீர்னு வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது பொய் என்று தௌசிஃப்புக்குத் தோன்றவில்லை. அவருக்கு எல்லாமே அப்படித்தான் வந்தது.

மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பனி, ரோட்டோரம் பெயர்ந்து கிடக்கிறது, அவர் முன்னால் வந்து நின்றுவிட்டார், பத்தொன்பது வருஷ டிரைவர், ஒரு கீறல் போட்டதில்லை. சதாசிவம் வந்து ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டுப் பேசினான். போலீஸ் ஸ்டேஷனில் தௌசிஃப்பின் முறை வந்தபோது, "நான் மூணாவது வரிசையில இருந்தேன் சார். பாக்கல" என்றான். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டான். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

மறுநாள் ஆப்பூர் பக்கத்தில் வரதனின் வீட்டுக்குக் கம்பெனி ஆட்கள் போனார்கள். சாமியானா போட்டிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரேணுகா அழவில்லை. யாராவது கம்பெனிச் சட்டையோடு வந்தால் நிமிர்ந்து பார்ப்பாள். பின்னால் ஒரு உறவுக்காரர், "காதுல போனு வெச்சிகினு நின்னுருப்பாரு, வேற இன்னா" என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அவரு போனு வூட்ல கீது" என்றாள் ரேணுகா. "சார்ஜு இல்லன்னு வெச்சிட்டுப் போனாரு."

அவள் தௌசிஃப்பைப் பார்த்தாள். "நீங்க அந்த பஸ்ல இருந்தீங்களா பாய்?"

"இருந்தேம்மா."

"அவரு குறுக்க பூந்தாரா? பாத்தீங்களா?"

"பாக்கல."

"ரோடு தாண்டறதுக்குக் கால் மணி நேரம் நிப்பாரு அவரு. புள்ளைங்க கேலி பண்ணுங்க. அவரு போயி குறுக்க பூந்தாருன்னு சொல்றாங்களே."

அன்று சாயங்காலம் தௌசிஃப் தாவீதின் வீட்டுக்குப் போனான். ஸ்டேஷனில் ஜாமீன் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தாவீது கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜாய்ஸ் கதவோரம் நின்றாள்.

"நாளைக்கு டாக்டருகிட்ட போறீங்களா அண்ணாத்த?"

"போவலாமா வேணாமான்னு யோசிக்கறேன். போனா எழுதிடுவாரு."

"இன்னாத்த எழுதுவாரு?" என்றாள் ஜாய்ஸ்.

தௌசிஃப் சொன்னான். உப்பளத்தில் நடந்ததையும், மூன்று விரலையும், மூன்று நாளையும். ஜாய்ஸ் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "ஊசியில நூலு கோத்துக் குடுக்கறது அவருதான் எனக்கு" என்றாள். "கண்ணு தெரியாதவரு கோப்பாரா?"

"நீங்களே போய் சொல்லிடுங்க அண்ணாத்த. நான் கூட வரேன்."

"சொன்னா உன்னயும் கேப்பாங்க பாய். தெரிஞ்சும் இன்னாத்துக்கு ஓட்ட வுட்டன்னு."

"கேப்பாங்க."

"அனுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கீது" என்றார் தாவீது. தௌசிஃப் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தான். ஜாய்ஸ் வழிவிட்டு நின்றாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஆஸ்மாவிடம் சொன்னான். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த பஸ்ல தெனம் நீங்களும்தான போனீங்க. என்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். நான் வுட்டுருக்க மாட்டேன்."

அவள் சொன்னது உண்மை. விட்டிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் ஸ்டேஷனுக்குப் போனான். எஸ்.ஐ. முழுவதும் கேட்டார். முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"இத நீ சொல்லாம இருந்தா உனக்கு ஒண்ணும் இல்ல. புரியுதா?"

"புரியுது சார்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஞாயித்துக்கெழம."

"விபத்து?"

"வியாழக்கெழம."

எஸ்.ஐ. இரண்டு கிழமைகளையும் எழுதினார். அடுத்த கேள்வியைக் கேட்காமல் பேனாவை மூடிவிட்டார். கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது தௌசிஃப்புக்கு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தாவீதைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்களாம். பாதி நேரம் அவர் கை அசையவே இல்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போயிருக்கிறது, இடது கண்ணில் அநேகமாக நடுப்புள்ளி மட்டும்தான் மிச்சம், வலது கண்ணிலும் இடப்பக்க ஓரம் போய்விட்டது, போனது திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார்கள். லைசென்ஸ் போனது. வழக்கை இன்னும் கடுமையான பிரிவுக்கு மாற்றி, மறுபடி பிடித்து உள்ளே வைத்தார்கள். முப்பத்திரண்டு நாள். அனுவின் அறையிலிருந்த பெட்டியையும் எடுத்துப் போனார்கள். கைப்பற்றிய சாமான்களின் பட்டியலில் 'மாதிரி விமானம், உடைந்தது, ஒன்று' என்று இருந்தது.

ஜாய்ஸ் ஒருநாள் தௌசிஃப் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அஞ்சு மாசம் என் கையால சோறு துன்ன. அவரு தப்பு பண்ணாரு, நான் இல்லேங்கல. ஞாயித்துக்கெழமயே எங்கிட்ட சொல்லிருந்தா சாவிய புடுங்கி வெச்சிருப்பேன். செத்தவரும் இருந்திருப்பாரு, இவரும் வூட்ல இருந்திருப்பாரு. நீ அன்னிக்கும் சொல்லல. அப்பால போயி சொன்ன."

ஆஸ்மா, "உள்ள வாங்கக்கா" என்றாள். ஜாய்ஸ் போய்விட்டாள்.

கம்பெனியில் யாரும் அவனைத் திட்டவில்லை. ஒன்றிரண்டு பேர், "தைரியமா சொன்ன பாய்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களும் அவனோடு சாப்பிட உட்காரவில்லை. பஸ்ஸில் வந்த நாற்பது பேருக்கும் வீட்டில் ஆள் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தங்கள் உயிர் யார் கையில் இருந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவன் ரயிலில் போய்வர ஆரம்பித்தான்.

வரதனின் பதினாறாம் நாளுக்கு முன்தினம் மறுபடி ஆப்பூருக்குப் போனான். போலீஸ் மூலமாக ரேணுகாவுக்குப் பாதி தெரிந்திருந்தது, டிரைவருக்குக் கண் தெரியாது என்று. மீதியை அவன் சொன்னான். அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடிக்கும்வரை சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு குறுக்க பூவல."

"இல்லம்மா. எடத்துலதான் நின்னுருக்காரு."

"நாளைக்குக் காரியத்துக்கு எல்லாரும் வருவாங்க. அன்னிக்கிப் பேசினவங்களும் வருவாங்க. அவங்க முன்னாடி இத சொல்லுங்க. அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்ங்கறதயும் சொல்லணும்."

"சொல்றேன்."

சொன்னான். படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து முடித்த பிறகு, சாமியானாவுக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் முன்னால் நின்று சொன்னான். ஒன்றையும் விடவில்லை. சீட்டை விட்டு எழுந்துபோனதுவரை சொன்னான். வரதனின் அண்ணன் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் ஓடிவந்து விலக்கினார்கள். ஒரு பட்டன் அறுந்து விழுந்தது.

"வுடுங்க அவர" என்றாள் ரேணுகா. "நான்தான் வந்து சொல்லச் சொன்னேன். சொல்லிட்டாரு. போவட்டும்."

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவனும் நிற்கவில்லை.

வழக்கு இன்னும் செங்கல்பட்டுக் கோர்ட்டில் நடக்கிறது. தௌசிஃப் அரசுத் தரப்புச் சாட்சி. போன வாய்தாவுக்கு அவன் சீக்கிரமே போய், தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்தரை மணிக்குத் தாவீது வந்தார். ஜாய்ஸ் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தார். படிக்கட்டு எங்கே முடிகிறது என்று காலால் தடவிப் பார்த்து ஏறினார். பெஞ்சு அவருக்கு இடப்பக்கம் இருந்தது. இரண்டடி தூரத்தில் தௌசிஃப்பைக் கடந்து போனார், திரும்பவில்லை.

ஜாய்ஸ் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். தாவீது, "இன்னா ஜாய்ஸு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வாங்க" என்று அவரை உள்ளே அழைத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தௌசிஃப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து உள்ளே போனான்.